கைதட்டலும் வருகிறது, சலிப்பும் வருகிறது

ஏழு வருடமாக இம்ப்ராவ் ஆடுகிறேன். வசனம் எழுதுவதில்லை, கதை பேசி வைப்பதில்லை. பார்க்க வந்தவர்கள் கத்துகிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே காட்சியைக் கட்டுகிற நாடகம். வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டை. வேலை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில். மேடை பெரும்பாலும் தெற்கே ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டைப் பக்கம். 2021 பிப்ரவரியில் எங்கள் பக்கம் மெட்ரோ வந்ததிலிருந்து ராத்திரி வீடு திரும்புவது சுலபமாகிவிட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. "ஒரு இடம் சொல்லுங்க" என்று கேட்டோம். வழக்கமாக டாய்லெட் வரும், கல்யாண மண்டபம் வரும், டாக்டர் கிளினிக் வரும். அன்று பின்வரிசையிலிருந்து யாரோ "காசிமேடு!" என்றார்கள். எங்கள் பக்கத்து மீன்பிடித் துறைமுகம். என் கை தானாக, இல்லாத லுங்கியை மடித்துக் கட்டியது. "இன்னாமே" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும், எந்த நொடியில் வரும் என்றும் தெரியும். அவர்கள் சிரித்து முடிக்கிறவரை, மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால் தண்டையார்பேட்டையில் எஸ்கலேட்டருக்கு நேராக இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரில் எழுதினேன். விட்டுவிடுவது. கொஞ்ச நாள் நிறுத்துவது. ஹெரால்ட் மாதிரி நீளமான வடிவத்துக்குப் போவது. கானா, கூத்து என்று வேறு கலைக்காரர்களிடம் போய் உட்காருவது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இருக்கிற நிகழ்ச்சியிலேயே சில விஷயங்களைத் தடை செய்துகொண்டு ஆடுவது. முதலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இதற்குள் செய்து பார்த்தாகிவிட்டது. அதே பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன சலிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பார்க்காமல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வேறு குழுவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள். அங்கேயும் கொட்டாவி வந்தால் உடம்பு அசந்திருக்கிறது, அல்லது இந்தக் கலையே உங்களுக்குப் போதுமாகிவிட்டது. அங்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உங்கள் மேடையில் மட்டும் செத்துப்போகிறீர்கள் என்றால் சங்கதி வேறு. நான் நன்றாகச் சிரித்தேன். அப்புறம் எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பெண்ணிடம், "நான் வழக்கமாகப் போடுகிற ஆட்களைச் சொல்லு" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஆட்டோக்காரர், ரவுடி, மீன் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிற ரவுடி. போதுமாண்ணா?"

நான்கும் எங்கள் ஏரியா. தெற்கே போய் வடக்கை விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் ஒரே சரக்கை.

விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கக் கிடைக்கும். எனக்கு அது போதவில்லை.

ஓய்வு எடுத்தேன், இரண்டு மாதம். செலவே இல்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆபீஸில் கப்பல் வந்து நிற்கிற வாரங்களில் பன்னிரண்டு மணி நேர வேலை, அதற்கு மேல் வாரம் இரண்டு நிகழ்ச்சி என்று ஓடுகிறவருக்கு ஓய்வு உண்மையிலேயே மருந்து. அப்படிப்பட்டவர் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், போய்ப் படுக்கலாம். எனக்கு நடந்தது இது: திரும்பி வந்த முதல் நிகழ்ச்சியில் கை நடுங்கியது, பயத்தில் எதிரே இருப்பவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது, காட்சி பிரமாதமாக வந்தது. இரண்டாவது நிகழ்ச்சி சுமார். மூன்றாவதில் லுங்கி வந்துவிட்டது. பழக்கம் இரண்டு மாதம் காத்திருக்கும், அதற்கொன்றும் அவசரமில்லை. ஆனால் அந்த முதல் நிகழ்ச்சி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. பயந்தால் கேட்கிறேன், தெரிந்த இடத்தில் கேட்பதில்லை.

அடுத்தது ஹெரால்ட். நீளமான இம்ப்ராவுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் இதுதான். 1967ல் கலிபோர்னியாவில் ஒரு குழு ஆடத் தொடங்கியது, பிறகு டெல் குளோஸ் என்பவர் சிகாகோவில் வைத்து அதை வளர்த்தார். ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு மொத்தக் குழுவும் அதைச் சுற்றி எதையாவது செய்து தொடங்கும். பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காட்சிகள். நடுவே எல்லோரும் சேர்ந்து ஒரு விளையாட்டு. மறுபடி அதே மூன்று காட்சிகள், கொஞ்ச காலம் கடந்த பிறகு. மறுபடி விளையாட்டு. மூன்றாம் சுற்றில் மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆகும். சட்டென்று சிரிக்க வைக்க வேண்டிய அவசரம் அதில் இல்லை.

நாங்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பயிற்சியை ஆரம்பித்தோம். சொல் "ஜன்னல்". முதல் காட்சியில் நான் யாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆட்டோக்காரர்தான். இரண்டாம் சுற்றில் அதே ஆட்டோக்காரர் வீட்டுக்கு வருகிறார், மகள் கதவைத் திறக்கிறாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் எனக்குத் தெரியவில்லை. முதல் சுற்றிலேயே எதிரே இருந்த பெண் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். நான் என் அடுத்த வசனத்தை அடுக்கிக்கொண்டிருந்ததால் கேட்கவே இல்லை. "பாப்பா" என்று சமாளித்தேன். மாடியில் துணி எடுக்க வந்த என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "மல்லிகான்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு" என்றார்.

இதற்கெல்லாம் நம் ஊரில் பழைய பெயர் உண்டு: அவதானம். அவதானம் என்றாலே கவனம்தான். செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் தேதி விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்தார். நூறு விஷயங்களை ஒரே அமர்வில் மனதில் நிறுத்திப் பதில் சொல்வது. சென்ட்ரல் பக்கம் ரிப்பன் மாளிகைக்கு அடுத்து நிற்கிற அந்தச் சிவப்புக் கட்டடம்தான். அதைத் தாண்டித்தான் நிகழ்ச்சிக்குப் போகிறேன். அங்கே ஒருவர் நூறைப் பிடித்தார், எனக்கு ஒரு மல்லிகா நிற்கவில்லை.

ஆக ஹெரால்ட் நல்ல வடிவம், கேட்காதவனை உடனே காட்டிக்கொடுத்துவிடும். குறை என்னவென்றால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. எட்டுப் பேரும் வாராவாரம் வர வேண்டும், வெளியிலிருந்து பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். எங்களில் ஒருவன் தாம்பரம், ஒருத்தி போரூர், ஒருவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லி எல்லா வாரமும் நாற்பது நிமிடம் தாமதம். ஐந்தாம் வாரத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். குழுவே சேர்ந்து சலித்திருந்தால், அத்தனை பேரும் வரத் தயாராக இருந்தால், முதலில் இதைத் தொடுங்கள். சலிப்பு உங்கள் ஒருவருடையது மட்டும் என்றால் மற்ற ஏழு பேரை உங்கள் மருந்துக்காக மாடிப்படி ஏற வைப்பது நியாயமில்லை.

இனி வேறு கலைகள். யோசித்துப் பார்த்தால் நமக்கு இம்ப்ராவ் புதிதே இல்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறி விடிய விடிய வள்ளி திருமணம் ஆடுவார்கள். கதை தெரியும், பாட்டு தெரியும், நடுவில் வருகிற தர்க்கம் அன்றைக்கு எப்படிப் போகிறதோ அப்படி. லாவணியில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் பாட்டாலேயே சண்டை போடும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாரதக் கதைக்கு நடுவே உள்ளூர்ப் பஞ்சாயத்தை இழுத்துவிடுவான். இதையெல்லாம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். ஆனால் ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும், பயணம் தூரம், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. நான் கூத்துக்கு ஒரு முறை போனேன். பஸ்ஸில் தூங்கியது அதிகம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கானா இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பந்தல் போட்டு, அவரை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஒரு டோலக்கு, ஒரு சட்டி. பாடுகிறவர் வந்ததும் பாடவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டு ஓரமாக நின்று விசாரித்தார். தாத்தா எத்தனை வருஷம் ஹார்பரில்? எத்தனை பிள்ளைகள்? வீட்டில் எங்கே உட்காருவார்? பேரன், "அவரு எங்கண்ணா உட்காருவாரு, நின்னுக்கினேதான் சாப்புடுவாரு" என்றான். அவ்வளவுதான். முதல் இரண்டு பாட்டு எந்தச் சாவு வீட்டிலும் பாடக்கூடியவை, எனக்கே மனப்பாடம். மூன்றாவதில் இது வந்தது:

"ஹார்பருல மூட்டை தூக்கி ஆறு பேரைக் கரை சேத்த,
சேரு போட்டு உட்காரத்தான் செத்தப்புறம் நேரம் பாத்த."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். டோலக்குக்காரர் ஒரு தட்டு தட்டாமல் விட்டார், வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார், உடனே அந்த ஆளே அழுதார்.

மறுநாள் டீக்கடையில் பாடியவரைப் பார்த்து, "எப்படிண்ணா அந்த இடத்துல புடிச்சீங்க" என்று கேட்டேன். "புடிக்கிறதுக்கு இன்னா இருக்குது, அந்தப் பையன்தானே சொன்னான்" என்றார். அவரிடம் கையிருப்புச் சரக்கு என்னைவிடப் பத்து மடங்கு இருக்கும். எதுகை தயார், மெட்டு தயார், ஐம்பது சாவுக்குப் பாடின வரிகள் தயார். அதையெல்லாம் வைத்துக்கொண்டும் பாடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று கேட்கிறார். என் கையிருப்பு நான்கு ஆள். அதைப் போடுவதற்கு முன் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இம்ப்ராவ் ஆட்கள் கானாவைப் பார்த்ததும் செய்கிற முதல் வேலை, அடுத்த நிகழ்ச்சியில் கானா பாடுவது. எங்கள் குழுவிலும் ஒருவன் கேட்டான். என் லுங்கியோடு டோலக்கும் சேர்ந்தால் சலிப்பு இரட்டிப்பாகுமே தவிர குறையாது. போனால் கேட்கப் போங்கள். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஒரு வருடமாவது அவர்களோடு இருந்து, கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய், பின்பாட்டில் ஆரம்பியுங்கள். அது வேறு தீர்மானம், சலிப்புக்கு மருந்தாக எடுக்கக்கூடியது இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கடைசிக்கு முந்தின இடத்தில்தான் எழுதியிருந்தேன். சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் ஆட முடியாதவர்கள் என்றொரு நினைப்பு. தப்பு. இன்று உலகம் முழுக்க ஆடுகிற இந்த விளையாட்டுகளில் பல பிள்ளைகளுக்காக உண்டானவை. வயோலா ஸ்போலின் 1939 முதல் 1941 வரை சிகாகோவில் ஓர் அரசுத் திட்டத்தில் நாடகப் பொறுப்பில் இருந்தார். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளை மேடையில் கூச்சமில்லாமல் நிற்க வைக்க விளையாட்டுகளைக் கட்டினார். அவர் மகன் பால் சில்ஸ்தான் 1959ல் செகண்ட் சிட்டி என்ற சிகாகோ இம்ப்ராவ் அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

வியாசர்பாடியில் ஒரு டியூஷன் சென்டர், ஒன்றுவிட்ட ஞாயிறு, பத்திலிருந்து பதின்மூன்று வயது வரை இருபது பிள்ளைகள். பணம் கிடையாது, சமோசா உண்டு. முதல் வாரம் "கையில் இல்லாத பொருளை இருக்கிற மாதிரி காட்டுங்கள்" என்றேன். பையன்கள் எல்லோரும் போன் பேசினார்கள், பேட்டைச் சுழற்றினார்கள். ஒரு சின்னப் பெண் வந்தாள். கதவைச் சாத்தினாள். பூட்டை மாட்டி அழுத்தினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு நான்கடி நடந்து, குதிகாலைத் தூக்கி, தலைக்கு மேலே எதன் மேலோ வைத்தாள். விரலால் தள்ளி உள்ளே நகர்த்தினாள்.

"எங்கம்மா வச்சே?"

"மீட்டர் பொட்டி மேலண்ணா." உடனே முகம் மாறியது. "ஐயோ, இத்தினி பேருக்கு முன்னால சொல்லிட்டேனே. இனிமே வேற எடம்தான் வைக்கணும்."

ஏழு வருடத்தில் நான் மேடையில் ஆயிரம் கதவு திறந்திருப்பேன். ஒன்றையும் பூட்டியதில்லை. அன்று அந்த அறையில் எனக்கு ஒரு நொடிகூட வேறு நினைப்பு வரவில்லை, பிள்ளைகள் அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. "இன்னாமே" என்றாலும் அங்கே சிரிக்க ஆளில்லை, அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். என் சரக்கு செல்லாத ஊர் அது. செலவும் பஸ் காசுதான். ஆனால் வருகிறேன் என்று சொன்னால் போக வேண்டும். இரண்டு வாரம் போய் நிறுத்துகிற உத்தேசம் இருந்தால் பிள்ளைகளிடம் போகாதீர்கள்.

தடை போட்டுக்கொண்டு ஆடுவது மிச்சம். மாதத்துக்கு ஒரு தடை, குழுவில் ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்துக்கொள்வேன், மீறினால் அவருக்கு ஒரு பிரியாணி. முதல் மாதம் மெட்ராஸ் பாஷை கிடையாது. சுலபம் என்று நினைத்தேன், மூன்று பிரியாணி போனது. அடுத்த மாதம் கீத் ஜான்ஸ்டன் என்ற இம்ப்ராவ் ஆசிரியரின் பயிற்சி ஒன்று: எதிரே இருப்பவரைவிட ஒரே ஒரு படி மட்டும் கீழே இருக்க வேண்டும். இரண்டு படி இறங்கினால் கோமாளி ஆகிவிடுவோம், எனக்கு அதுதானே கைவந்தது. இதற்குப் பாடம் படிக்க ஷேர் ஆட்டோவைவிட நல்ல இடமில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் புதிதாக ஏறுகிறவருக்கு எத்தனை அங்குலம் நகர்கிறார், முழங்காலை மட்டும் நகர்த்துகிறாரா, முனகுகிறாரா, பாருங்கள்.

மூன்றாம் மாதத் தடை, முதல் நாற்பது நொடி பேசக்கூடாது. கை ஏதாவது செய்ய வேண்டும். அதற்காகக் காலையில் காசிமேட்டுக்குப் போய் வலை தைப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்துத் தெருக்காரன், ஆனாலும் அதுவரை அங்கே மீன் வாங்க மட்டும்தான் போயிருக்கிறேன். கிழிந்த இடத்தை விரித்து, ஒரு ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். நைலான் நூல் சுற்றிய தட்டையான ஊசி வலைக் கண்ணுக்குள் போய் வருகிறது, முடிச்சை இடது கைக் கட்டைவிரல் அழுத்திக்கொள்கிறது, கண்ணின் அளவை இன்னொரு விரல் பார்த்துக்கொள்கிறது. பேசிக்கொண்டே செய்கிறார், வலையைப் பார்ப்பதுகூட இல்லை. எந்த லுங்கியும் மடிக்கப்படவில்லை. அவர் பேன்ட் போட்டிருந்தார்.

அந்த வார நிகழ்ச்சியில் வந்த சொல் "பாஸ்போர்ட் ஆபீஸ்". நான் தரையில் உட்கார்ந்து கால் விரலில் எதையோ மாட்டி இழுத்தேன். பத்து நொடி. இருபது நொடி. யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை, எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் குழுவில் மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் வந்து எதிரே உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, கையெழுத்து மட்டும் போட்டுடுப்பா" என்றான். நான் வலையை விடவில்லை. அந்தக் காட்சியில் மொத்தம் இரண்டே சிரிப்பு. எந்தப் பெட்டியில் ஏறலாம் என்ற யோசனை ஒரு தடவைகூட வரவில்லை.

இப்போதைக்கு என் கணக்கு இதுதான். தடை மாதாமாதம் தொடரும், காசும் ஆளும் அதிகம் தேவைப்படாத வழி அது, நாளைக்கே நீங்களும் தொடங்கலாம். வியாசர்பாடி ஒன்றுவிட்ட ஞாயிறு. கானா காதுக்கு மட்டும். ஹெரால்டுக்கு வடக்கே இன்னும் மூன்று பேர் கிடைத்தால் மாடி காலியாகத்தான் இருக்கிறது. ஓய்வு, ஆபீஸ் நெருக்குகிற மாதத்தில்.

போன சனிக்கிழமை மறுபடி ஒரு குரல் "காசிமேடு!" என்றது. இந்த மாதத் தடைப்படி முதலில் மேடையேறக் கூடாது, ஓரத்தில் நின்றேன். மயிலாப்பூர்ப் பையன் நடுவே போனான். இல்லாத லுங்கியை மடித்துக் கட்டி, "இன்னாமே" என்றான். அரங்கம் அதிர்ந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவனிடம் இன்னும் நான் எதுவும் பேசவில்லை.